பீரோவில் ஒரு பேக்கப்

வாங்கம்மா, உள்ளே வாருங்கள். செருப்பு வாசலிலேயே இருக்கட்டும், ஒன்றும் ஆகாது. ஆட்டோ முக்கிலேயே இறக்கிவிட்டுவிட்டானா? விடுவான். சாக்கடைக்கென்று தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள், எப்போது மூடுவார்களோ. ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். மங்கை, தண்ணி கொண்டா.

நீங்கள் வந்த விஷயம் எனக்குத் தெரியும். ஆவுடையப்பன் அண்ணாச்சி காலையில் போன் செய்தார். "தெய்வநாயகம், கோயம்புத்தூர் கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு வருது. உம்ம வீட்டு பீரோவுல இருக்க டிஸ்க்கைக் குடுத்தனுப்பும்" என்றார். அவ்வளவுதான். எப்படி இருக்கீர் என்று ஒரு வார்த்தை இல்லை.

தருகிறேன். தர மாட்டேன் என்று நான் எப்போதும் சொல்லவில்லை. ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஆபீசில் என்னைப் பற்றி ஒரு மாதிரி பேசியிருப்பார்கள். நீங்களாவது சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

இதில் எனக்கும் ஒரு காரியம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் சுகிர்தா மாசமாக இருக்கிறாள். தலைப்பிரசவம். இந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும், அதுதானே முறை. "என் பேரு அந்த கம்ப்யூட்டர்ல இருக்க வரைக்கும் அந்த வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். என்னிடம் பேசுவதில்லை. ஆவணியிலிருந்து பேசுவதில்லை. உங்கள் கம்பெனிக்கும் மெயில் போட்டிருக்கிறாளாமே? ஆமாம், அவள்தான். என் மகள்தான்.

சரி, வரிசையாகச் சொல்கிறேன்.

நன்னாள் வரன் மையத்தில் எத்தனை லட்சம் ஜாதகம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாகர்கோவிலில் இருந்து மதுரை வரைக்கும் பெண்ணையோ பையனையோ வைத்திருப்பவர்கள் எங்களிடம் பதியாமல் இருக்க மாட்டார்கள். அத்தனையும் ஒரே டேட்டாபேஸ். அதைப் பார்த்துக்கொண்டது நான். நான் ஒருவன்தான். தினமும் பேக்கப் எடுப்பேன். வாரக் கடைசியில் மூன்று டிஸ்க்கில் நகல். ஒன்று ஆபீசில், ஒன்று பெருமாள்புரத்தில் அண்ணாச்சி வீட்டில், ஒன்று இங்கே, பீரோவில் மங்கையின் பட்டுச்சேலைகளுக்கு அடியில். ஆபீஸ் தீப்பிடித்தாலும் அண்ணாச்சி வீட்டில் தண்ணீர் புகுந்தாலும் இது இருக்கும். சேலையில் அழுக்குப் படுகிறது என்று இவள் சண்டை போடுவாள். போடட்டும் என்று விட்டுவிடுவேன்.

பழைய புரோகிராம் சென்னையில் யாரோ எழுதிக் கொடுத்தது. எழுதியவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். ஓடும்வரை ஓடட்டும் என்று ஓட்டினோம். பிறகு ஆட்கள் போனிலேயே பார்க்க வேண்டும், வாட்ஸப்பில் வரன் வர வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்குத்தான் உங்கள் கம்பெனி வந்தது. எல்லாவற்றையும் புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும். எப்படி மாற்றுவது? அதுதான் பேச்சு.

நான் ஒரு வழி சொன்னேன். ஆடி மாதம் மாற்றுவோம் என்றேன். யோசித்துப் பாருங்கள். ஆடியில் யார் வரன் பார்க்கிறார்கள்? ஆபீசில் போன் மணியே அடிக்காது. ஆபீசுப் பெண்கள் உட்கார்ந்து பாசிமணி கோத்துக்கொண்டிருப்பார்கள். ஆடியில் இரண்டு நாள் கடையை மூடிவிட்டு, மொத்தத்தையும் ஒரே மூச்சில் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, நிதானமாகச் சரிபார்த்து, ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் திறந்தால் ஒருவருக்கும் தெரியாது. இதைவிட நல்ல திட்டம் உண்டா? நீங்களே சொல்லுங்கள். பார்த்தீர்களா, தலையாட்டுகிறீர்கள்.

அண்ணாச்சி என்ன சொன்னார் தெரியுமா? "ஆடியில புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவாங்களா வே?" என்றார். "இது வீடு இல்ல அண்ணாச்சி, டேட்டாபேஸ்" என்றேன். "இருக்கட்டும். கல்யாண யாவாரம் பண்ணுதோம். நாமளே ஆடியில ஆரம்பிச்சா நம்மகிட்ட எவன் வே நல்ல நாள் கேப்பான்?" என்றார். உங்கள் கம்பெனிக் கண்ணாடிக்காரர், அந்த டீம் லீடர், அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். பழையதும் புதியதும் கொஞ்ச நாள் சேர்ந்து ஓடட்டும், பகுதி பகுதியாக மாற்றலாம், அதுதான் பாதுகாப்பு என்றார். அதுவும் ஒரு முறைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. எந்தப் பகுதியை முதலில் மாற்றுவது என்று கேட்டார். மாவட்டவாரியாகவா, வருடவாரியாகவா? அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "ராசிவாரியா மாத்துங்க. மேஷத்துல ஆரம்பிச்சு மீனத்துல முடிங்க" என்றார்.

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆவணி பிறந்ததும் மேஷம் போனது, ரிஷபம் போனது. போனவர்களுக்குப் போனவர்கள் மட்டும்தான் கண்ணில் படுவார்கள். மிச்சப் பேர் எல்லாம் இந்தப் பக்கம். முகூர்த்த மாசம், போன் அலறுகிறது. வள்ளியூரில் இருந்து ஒருவர், "ஏங்க, எங்க பொண்ணுக்கு மேஷமும் ரிஷபமுமாவே வருது. நாட்டுல வேற ராசியில ஆம்பளப் பிள்ளையே பொறக்கலையா?" என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் நான்தான் பதில்.

அது போகட்டும். மீனமும் போய்ச் சேர்ந்தது. இந்தப் பக்கம் எத்தனை பேர் இருந்தார்களோ அந்தப் பக்கமும் அத்தனை பேர். ஒரு ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் எண்ணிப் பார்த்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், என் வேலையில் ஒரு ஆள்கூடத் தவறவில்லை.

கோளாறு வேறு இடத்தில். அதைத்தான் உங்களிடம் யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிடும். வீட்டார் போன் செய்து, ‘எங்க பேரை எடுத்துடுங்க’ என்பார்கள். ஆரம்பத்தில் ஆபீசில் அழித்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்து அதை நிறுத்தினேன். எதையும் அழிக்கக் கூடாது. ஏன்? நிச்சயம் நின்றுபோகும். ஆறு மாதம் கழித்து அதே அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். மறுபடி நட்சத்திரம் என்ன, கோத்திரம் என்ன, படிப்பு என்ன என்று முதலில் இருந்து கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? அதனால் அழிக்காமல் மறைத்து வைப்பது. மறைக்க ஒரு குறி வேண்டும். பழைய புரோகிராமில் புதிதாக ஒரு கட்டம் சேர்க்க என்னால் முடியாது. ஆனால் சும்மா கிடந்த ஒரு கட்டம் இருந்தது. ஃபேக்ஸ் எண். பெண்ணைப் பெற்றவர் வீட்டில் எங்கே ஃபேக்ஸ் இருக்கிறது? எல்லாருக்கும் காலி. அதில் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். ஃபேக்ஸ் கட்டத்தில் புள்ளி இருந்தால் அந்த வரனைக் காட்டாதே என்று தேடும் இடத்தில் ஒரு வரி எழுதிவிட்டேன். எத்தனை வருடம் ஒரு பிசகு இல்லாமல் ஓடியது தெரியுமா?

மாற்றுவதற்கு முன்னால் ஒரு மீட்டிங். நீங்கள் அன்றைக்கு வரவில்லை. கண்ணாடிக்காரர் கட்டங்களை எல்லாம் சுவரில் பெரிதாகக் காட்டி, இது வேண்டுமா, இது வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே போனார். ஃபேக்ஸ் வந்தது. "ஃபேக்ஸா?" என்று அண்ணாச்சி தொடையைத் தட்டிச் சிரித்தார். "எங்க மாமனார் காலத்து மிஷினுல்லா அது. தூக்கி எறியுங்க." எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் ஒரு தட்டுத் தட்டினார், கட்டம் போய்விட்டது. அடுத்தது.

நான் அங்கேதான் இருந்தேன். ஆமாம், அங்கேதான். ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லையே. "தெய்வநாயகம், இது வேணுமா?" என்று ஒருத்தர் திரும்பிப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என் ஆடித் திட்டத்தைப் பேசி முடித்திருந்தார்கள். "இவருக்கு எல்லாத்துலயும் பயம்" என்று அண்ணாச்சி எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். பயந்தவன் எதற்கு மறுபடி வாயைத் திறக்க வேண்டும்? கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகும் கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மங்கை, காபிக்கு என்ன ஆச்சு? அவங்க கோயம்புத்தூர் போகணும்ல.

பிறகு என்ன. புள்ளி இல்லாமல் எல்லாரும் அந்தப் பக்கம் போய் முழித்துக்கொண்டார்கள். கல்யாணம் ஆனவர்கள், பிள்ளை பெற்றவர்கள், எல்லாரும் மறுபடி வரனாக வந்துவிட்டார்கள். தூத்துக்குடியில் ஒரு பெண் தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கும்போது பெண் பார்க்க எப்போது வரலாம் என்று போன். அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டில் பையன் விபத்தில் போய்ச் சேர்ந்து வருடமாகிறது. அவன் ஜாதகம் ரொம்பப் பிடித்திருக்கிறது என்று யாரோ அந்த அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த அம்மா ஒன்றும் திட்டவில்லையாம். பையனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்களாம். எங்கள் ஆபீசுப் பெண் வந்து சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் மனசு சரியில்லை. ஆடியில் செய்திருந்தால் சரிபார்க்க நேரம் இருந்திருக்கும். அதைத்தான் நான் சொல்கிறேன்.

சுகிர்தா விஷயத்துக்கு வருகிறேன். அவளையும் நான்தான் பதிந்து வைத்திருந்தேன். சொந்தப் பெண்ணுக்குப் பதியாமல் ஊர்ப் பெண்களுக்குப் பதிய முடியுமா? நல்ல நல்ல இடமாக வந்தது. ஒரு நாள், "எனக்குப் பாக்க வேண்டாம்ப்பா. நானே பாத்துட்டேன். என் பேரை அழிச்சிடுங்க" என்றாள். பையன் குணாளன், நாமக்கல், அவளோடு வேலை பார்ப்பவர். வேறு ஆட்கள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நானும் போய்க் கையெழுத்துப் போட்டேன். "அழிச்சிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். "இனி நீ யார் கண்ணுலயும் பட மாட்டம்மா" என்றேன். அது பொய்யா? புள்ளி வைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

குணாளனுக்கு ஒரு தம்பி. சம்பந்தியம்மா அவனுக்குப் பெண் பார்க்க எங்களிடமே பதிந்திருக்கிறார்கள். நமக்குச் சொந்தமாயிற்றே, அங்கேயே பதிவோம் என்று நினைத்திருப்பார்கள். உங்கள் புது சிஸ்டம் தானாகப் பொருத்தம் பார்த்து தானாக வாட்ஸப் அனுப்புகிறதே, அது ஒரு காலை சம்பந்தியம்மாவுக்கு அனுப்பியிருக்கிறது. "தங்கள் மகனுக்கு மிகவும் ஏற்ற வரன். பத்துக்கு எட்டுப் பொருத்தம்." திறந்து பார்த்தால் அவர்கள் வீட்டு மூத்த மருமகள். மணமாகாதவர். பெற்றோர் விருப்பப்படி. தொடர்புக்கு என் நம்பர்.

அந்த அம்மாள் படிவத்தில் ‘எந்தப் பிரிவும் சம்மதம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்கள். அதனால்தான் இது வந்தது. நம்ம பிரிவு மட்டும் என்று அடித்திருந்தால் வந்தே இருக்காது. இதை சுகிர்தாவிடம் விளக்கினேன். அதற்குள் போனை வைத்துவிட்டாள்.

எட்டு என்பது சரியான கணக்குத்தான். நான் போட்டுப் பார்த்தேன். குணாளனுக்கும் அவளுக்கும் போட்டால் ஐந்துதான் வருகிறது. சும்மா போட்டுப் பார்த்தேன்.

என் நம்பருக்கும் நாலைந்து பேர் கூப்பிட்டார்கள். திண்டுக்கல்லில் இருந்து ஒருவர், பையன் டாக்டர். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். எடுத்தவுடனே கல்யாணம் ஆகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன். சொன்னேன், மங்கை, சொன்னேன். நீ அப்போ அடுப்படியில இருந்த. இவள் நான் சொல்லவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். காபி எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போதுமா?

அண்ணாச்சி ஆபீசில் கத்தினார். "புள்ளி வச்சீரே, சொன்னீரா வே?" என்றார். "கேட்டீங்களா அண்ணாச்சி?" என்றேன். அப்புறம் நானாக வந்துவிட்டேன். போகச் சொல்லவில்லை. ‘போயிரும்’ என்றார், ஆனால் அது கோபத்தில் சொன்னது.

இப்போது ஃபேக்ஸ் கட்டம் உள்ள பேக்கப் இது ஒன்றுதான் மிச்சம். பழைய சர்வரையும் ஆபீசில் இருந்த டிஸ்க்கையும் கழுவி விற்றுவிட்டார்கள். அண்ணாச்சி வீட்டு டிஸ்க்கில் அவர் பேரன் காதுகுத்து வீடியோவை ஏற்றிவிட்டார்கள். என்னுடையதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அதனால் இருக்கிறது. பயந்தவனிடம்தான் கடைசியில் வர வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இருங்கள், எடுத்து வருகிறேன்.

இதோ. துணியில் சுற்றி வைத்திருந்தேன், தூசி இருக்காது. உங்கள் லேப்டாப்பில் செருகுங்கள். ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். மூலத்தில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. முதலில் ஒரு நகல் எடுத்துவிடுவோம். இதோ, இன்னொரு டிஸ்க், வீட்டில் சும்மா கிடந்தது. இதையும் செருகுங்கள். மூலம் உங்களுக்கு, நகல் எனக்கு. ஓட ஆரம்பித்துவிட்டதா? நீல விளக்கு மினுங்குகிறது பாருங்கள். பெரிய டேட்டாபேஸ், நேரம் எடுக்கும். அதுபாட்டுக்கு ஓடட்டும், படிப்பதற்கு ஒன்றும் தடை இல்லை.

சுகிர்தாவை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அவள் மெயிலில் கேட்டபடி உங்கள் சிஸ்டத்திலும் கிளவுடிலும் அடியோடு எடுத்துவிடுங்கள். மறைக்க வேண்டாம், எடுத்தே விடுங்கள். நானே சொல்கிறேன். இங்கே அவள் பெயரைத் தேடி, பதிவு எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆமாம், இதுதான். ஸ்டூடியோவில் எடுத்த படம். அந்த நீலச் சேலை மங்கையுடையது. ‘அமைதியான சுபாவம், பெரியவர்கள் சொல் தட்டாதவர்.’ அது நான் எழுதியது.

எதைக் காட்டுகிறீர்கள்? அதுவா. கடைசியாகத் திருத்திய தேதி. அது தானாக விழுவது.

என்ன மங்கை? நீ எதுக்குக் கண்ணாடியை மாட்டிட்டு வர? ஆமா, போன தை மாசம். கல்யாணத்துக்கு அப்புறம்தான். அவளுக்கு வேலையில உயர்வு வந்துச்சுல்ல, பதவியையும் சம்பளத்தையும் மாத்தி வச்சேன். எதுக்கா? விவரம் தப்பா இருக்கக் கூடாதுல்ல. பழைய சம்பளத்தைப் போட்டு வச்சிருந்தா அது சரியா?

உள்ளே போய்விட்டாள். அவளுக்கு இதெல்லாம் புரியாது. பார்த்துக்கொள்ளும் பொருள் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சரியாக இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும், நீங்கள் இந்தத் தொழிலில் இருப்பவர்.

உங்கள் பக்கம் எடுத்தாகிவிட்டதா? தேடிப் பாருங்கள். இல்லை என்றே வருகிறதா? கிளவுடில்? நல்லது. நல்லது அம்மா. படம்கூடப் போய்விட்டதா? சரி. அதுதான் கேட்டாள்.

யாரு, சுகிர்தாவா? என்கிட்டப் பேசணும்னாளா? குடு. ஸ்பீக்கர்ல போடாத மங்கை, வந்தவங்க இருக்காங்க. சரி, போட்டுட்ட, இருக்கட்டும்.

சொல்லும்மா. நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? கால் வீக்கம்னு அம்மா சொன்னா, தலையணை வச்சுத் தூக்கிப் படு. ஆமா, வந்துருக்காங்க, பக்கத்துலதான் இருக்காங்க. ஆச்சும்மா. அழிச்சாச்சு. இப்பதான், என் கண்ணு முன்னாடி. எப்ப வர்ற, மாப்பிள்ளையே கூட்டிட்டு வர்றாரா, இல்ல நான் ரயில்ல வந்து...

என்ன கேக்கற?

எந்த அர்த்தத்துல அழிச்சேன்னா கேக்கற?

எல்லா அர்த்தத்துலயும்தாம்மா. கம்பெனியில இல்ல. கிளவுட்ல இல்ல. வீட்டுலயா? வீட்டுல...

அம்மா, அந்த நகல் எவ்வளவு ஓடியிருக்கிறது? பாதியா? நிறுத்துங்கள். வயரைப் பிடுங்கிவிடுங்கள். இல்லை, பிடுங்காதீர்கள், பிடுங்காதீர்கள்! பாதியில் பிடுங்கினால் இரண்டு டிஸ்க்கும் கெட்டுவிடும். மற்றவர்கள் புள்ளி எல்லாம் அதில்தானே இருக்கிறது. ஓடி முடியட்டும். முடிந்ததும் இரண்டிலும் அவளை எடுத்துவிடலாம்.

சுகிர்தா, கட் பண்ணிடாதம்மா. ஓடிட்டு இருக்கு. அது முடியணும், முடிஞ்சாத்தான் எடுக்க முடியும். கொஞ்ச நேரந்தான். நான் பாத்துட்டேதான் இருக்கேன்.

லைன்ல இருக்கியாம்மா?